வராமல் இருக்கும் உரிமை

மெரினாவில் சாயங்காலம் குதிரைச் சவாரிக்குப் பேரம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா ஒரு தொகை சொல்வார், குதிரைக்காரர் ஒரு தொகை சொல்வார், நடுவில் குழந்தை அடம்பிடிக்கும், கடைசியில் ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று முடிவாகும். பேசி முடித்தது இரண்டு பேர். மணலில் கால் புதைய நடக்கப்போவது மூன்றாவது ஆள். அதை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, சரிதான். ஆனால் கேட்க முடியாத ஒரே காரணத்துக்காக அதன் பதிலை ‘சரி’ என்றே எடுத்துக்கொள்ளலாமா?

நான் இருப்பது மாதவரத்தில். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் எங்கள் ஏரியா பால்பண்ணைப் பக்கம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் விலங்கு என்றால் ஒன்று வேலை, இல்லை சோறு. பால் மாடு, ஆட்டுத்தொட்டி, காசிமேட்டு மீன். இங்கே உட்கார்ந்துகொண்டு குதிரைச் சவாரி பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி இது: “ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிடுறவன் குதிரைக்கு எதுக்குடா அழணும்?” நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. பெரிய கணக்கைத் தீர்க்காதவனுக்குச் சின்னக் கணக்கைத் தொட உரிமை இல்லை என்கிறது அது. நான் தலைகீழாக யோசிக்கிறேன். சாப்பாட்டில் பசி இருக்கிறது, ருசி இருக்கிறது, தலைமுறைப் பழக்கம் இருக்கிறது, அங்கே முடிவெடுப்பது கஷ்டம். வேடிக்கையில் நமக்குப் போவது ஒரு செல்ஃபி, பத்து நிமிஷச் சந்தோஷம். விட்டுக்கொடுக்க இதைவிடச் சுலபமானது கிடையாது. அதனால்தான் யோசிப்பதை இங்கே தொடங்க வேண்டும்.

1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டால்ஃபின் சிட்டி என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. பல்கேரியாவிலிருந்து டால்ஃபின்களைக் கொண்டுவந்து வித்தை காட்ட வைத்தார்கள். சில மாதங்களிலேயே அவை செத்துப்போயின. டால்ஃபினின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அது சிரிப்பே கிடையாது, தாடையின் அமைப்பு. சந்தோஷமாக நீந்தும்போதும் அதே சிரிப்பு, நோயில் கிடக்கும்போதும் அதே சிரிப்பு. டிக்கெட் வாங்கியவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. 2013 மே மாதம் மத்திய அரசு நாடு முழுவதும் டால்ஃபின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்தது. அந்தச் சுற்றறிக்கை, டால்ஃபின்களை மனிதரல்லாத ஆளுமைகளாகக் கருத வேண்டும் என்ற அளவுக்குப் போனது.

எங்கள் தொழிலில் டெமோ என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முன்னால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். எந்தப் பட்டனைத் தொடக் கூடாது, எந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். காட்சிக்கு நிற்கும் விலங்கு நாள் முழுக்க டெமோவில் நிற்கிறது. நாம் பார்ப்பது வெளியே வரும் விளைவை மட்டும். துதிக்கை தலையைத் தொடுகிறது, நமக்கு அது ஆசீர்வாதம். யானைக்கு அது கட்டளைக்குக் கீழ்ப்படிதல். அந்தக் கீழ்ப்படிதல் எப்படி வந்தது என்பது நாம் திறந்து பார்க்காத பக்கம்.

சென்னைப் பசங்களுக்கு வார இறுதி என்றால் பாண்டிச்சேரி. பாண்டிச்சேரி என்றால் ராக் பீச், மணக்குள விநாயகர் கோயில், வாசலில் லட்சுமி. பக்தர்களுக்கு அவள் கோயில் யானை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஊரின் அடையாளம். 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் லட்சுமி சரிந்து விழுந்து இறந்தாள். வயது 32. ஆசிய யானை அறுபது வயதையும் தாண்டி வாழக்கூடியது. இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டு அழுதது.

அழுதவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கண்ணீர் நிஜம். அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. கொடுமைக்காரர்கள் ஒரு பக்கம், நல்லவர்கள் ஒரு பக்கம் என்று இருந்தால் எழுதவே வேண்டியதில்லை. பெண் யானை வாழ்நாள் முழுக்கத் தாய், சகோதரிகள், பெரியம்மாக்கள் என்று கூட்டத்தோடு வாழும் உயிர். காட்டில் ஒரு நாளில் பதினாறு, பதினெட்டு மணி நேரம் நடப்பதும் மேய்வதுமாகவே போகும். அதைத் தனியாக, கல் தரையில், நாணயம் வாங்க நிறுத்திவிட்டு அதன்மேல் உயிரையே வைத்திருந்தோம் என்றால், நம் அன்பு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2003இல் தமிழ்நாட்டில் கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் தொடங்கியது. முதலில் முதுமலை, பிறகு மேட்டுப்பாளையம் அருகே பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டி. 48 நாள். மண் தரை, ஆற்றுக் குளியல், மற்ற யானைகளின் துணை. நல்ல ஏற்பாடு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 நாள் புத்துணர்வு தேவைப்படுகிறது என்றால், மீதி 317 நாள் என்ன நடக்கிறது என்பதற்கு அரசே கொடுத்த வாக்குமூலம் அது. அந்த முகாமிலேயே 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் யானையை மரத்தில் கட்டிவைத்துப் பாகன்கள் அடிக்கும் வீடியோ வெளியானது.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான பட்டியல் வைத்திருக்கிறது. 1998 அறிவிக்கையின்படி கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யானை அதில் இல்லை, குதிரையும் இல்லை. புலிக்கு வலிப்பதுதான் யானைக்கும் வலிக்கிறது. பட்டியலைப் பிரித்தது வலி இல்லை, நம் பழக்கம். எது நம்மோடு அதிகம் பழகியதோ அதற்குத்தான் பாதுகாப்பு கம்மி.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி. கஷ்டமான பகுதியை எனக்குச் சொன்னது ஒரு குதிரைக்காரர். போன வருஷம் மெரினாவில் “வேணாம்ணே, பாவம் குதிரை” என்று நகர்ந்தபோது அவர் கோபப்படவில்லை. “பாவம் பாத்து நீ போயிட்டே தம்பி. பின்னாடி வர்றவனும் பாவம் பாத்தா, ராவுக்கு இதுக்குக் கொள்ளு யாரு வைப்பா? நீயா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கொரோனா ஊரடங்கில் கடற்கரையைப் பல மாதம் மூடி வைத்திருந்தார்களே, அப்போது சவாரி போகாத குதிரைக்கு விடுதலை கிடைத்ததா என்ன? சவாரிதான் அதன் தீனி. வேடிக்கை நின்றால் முதலில் காய்வது குதிரையின் வயிறு, அடுத்தது அவர் வீட்டு வயிறு.

வடசென்னைக்காரனாக எனக்கு வள்ளலார் ஞாபகம் வருகிறார். ஏழுகிணற்றில் வாழ்ந்து, திருவொற்றியூர் கோயிலுக்கு வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர். அவருடைய ஜீவகாருண்யத்தில் பசி தீர்ப்பதுதான் முதல் காரியம். பசிக்கு மனிதப் பசி, மிருகப் பசி என்று வித்தியாசம் இல்லை. அப்படிப் பார்த்தால் குதிரைக்காரர் என்னிடம் கேட்டது வள்ளலார் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். ஒரு உயிரைப் பட்டினி போட்டுவிட்டு வரும் நல்ல மனசாட்சி என்ன மனசாட்சி? ஆனால் அதே கேள்வியை இன்னும் ஒரு அடி தள்ளிக் கேட்கலாம். ஒரு பசி தீர இன்னொரு உயிர் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? குதிரைக்காரர் செய்யவில்லை. காசு கொடுத்து வேடிக்கை கேட்ட நாம் செய்தது. அப்படியென்றால் அதைக் கலைக்கும் செலவும் நம் தலையில்தான் விழ வேண்டும்.

இது நடக்காத காரியம் கிடையாது. வட இந்தியாவில் கரடியாட்டம் தலைமுறை தலைமுறையாகக் கலந்தர் சமூகத்தின் பிழைப்பு. வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 600க்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டது. மீட்கும்போதே கரடி வைத்திருந்த குடும்பங்களுக்கு வேறு தொழிலுக்கு முதல், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஏற்பாடு செய்தது. 2009 வாக்கில் கரடியாட்டம் தெருக்களிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது. மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிகளை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2015இல். அந்த வண்டிகளின் சாயலில் பேட்டரி வண்டிகள் ஓடத் தொடங்கியது 2021இல். நடுவில் ஆறு வருஷம். என் கவலை அந்த ஆறு வருஷத்தைப் பற்றியது. தடை ஒரே நாளில் வந்துவிடும். கொள்ளும் அரிசியும் அடுத்த நாளே வேண்டும். கருணை என்ற பெயரில் ஏழையின் பிழைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டால், அது விலங்கைப் பற்றிய அக்கறை இல்லை. நம் கண்ணில் அசிங்கம் படக் கூடாது என்ற அக்கறை.

சரி, விலங்கைப் பார்க்கவே கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. டிக்கெட் வாங்கினால் நல்ல பாம்பிலிருந்தும் விரியனிலிருந்தும் விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். பாம்பு நமக்காக ஆடுவதில்லை, பல்லைப் பிடுங்குவதில்லை. சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் மருந்தாகிப் பாம்பு கடித்தவரைக் காப்பாற்றுகிறது. பாம்புக்கு இதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் அதை அன்பு என்று பொய் சொல்லவில்லை. எதற்காக எடுக்கிறோம், எப்போது விடுவோம் என்பது முன்கூட்டியே தெரியும்.

இன்னொரு பக்கம் பழவேற்காடு. பொன்னேரி வழியாக பைக்கில் போய்விடலாம். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வரும். படகுக்குக் காசு கொடுத்துப் போனால் சில நாள் ஆயிரக்கணக்கில் நிற்கும், சில நாள் தூரத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும், சில நாள் ஒன்றுமே இருக்காது. படகுக்காரரிடம் சண்டை போட முடியாது. பறவை வரவில்லை, அவ்வளவுதான்.

என்னுடைய அளவுகோல் இங்கேதான் கிடைத்தது. சம்மதம் கேட்க முடியாத உயிரிடம் சம்மதத்துக்கு மிக அருகில் இருப்பது, வராமல் இருக்க அதற்கு வழி இருக்கிறதா என்பது. பூநாரைக்கு இருக்கிறது. பாம்புக்குச் சில வாரம் கழித்துத் திரும்பக் கிடைக்கிறது. லட்சுமிக்கு ஒரு நாள்கூட இல்லை. எனக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு கேஷுவல் லீவ் உண்டு, காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. ஒரு உயிர் இன்றைக்கு வரவில்லை என்று டிக்கெட் கவுண்டரில் எழுதிப்போட முடியாத எந்த வேடிக்கையிலும் ஏதோ ஒன்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

கேரளத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023இல் இயந்திர யானை ஒன்றை வைத்தார்கள். வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். கட்டளைப்படி ஆடும் வேலைக்கு இயந்திரம்தான் சரியான ஆள்.

இந்த அளவுகோலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து ஒட்டிப்போய் நின்றன. அவற்றைக் கட்டிப்போட்டது யாரும் இல்லை, டிக்கெட் விற்றதும் யாரும் இல்லை. ஆனால் பறக்க முடியவில்லை. சாம்பலும் எண்ணெயும் சேர்ந்து ஒரு நாள் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் பறவைகளே வராமல் போனால், அது அவை எடுத்துக்கொண்ட லீவாக இருக்காது. வராமல் இருக்கும் உரிமையை மதிக்கிறவன், ஏன் வரவில்லை என்று விசாரிக்கவும் வேண்டும். அதைச் செய்ய டிக்கெட் தேவையில்லை, அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தால் போதும்.