காணாததெல்லாம் இல்லாததா?

தரையைப் பார்க்கிறோம், குடம் தென்படவில்லை. ஆகவே அங்கே குடம் இல்லை. இந்தக் காணாமையும் அறிவு தரும் தனி வழிதான் என்று குமாரில பட்டரின் மீமாம்சை மரபும் அத்வைதமும் ஏற்றன. அனுபலப்தி என்பது அதன் பெயர். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியாததை வைத்து, குடமே இல்லை என்று சாதிக்க முடியாது.

குடிநீரில் ஆலை ரசாயனங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த நிபந்தனை உயிர்நாடி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013 முதல் 2015 வரை நாடெங்கும் பொதுக் குடிநீரில் ஆறு பிஎஃப்ஏஎஸ் சேர்மங்களைத் தேட வைத்தது. ஒட்டாத வாணலி, தீயணைப்பு நுரை போன்றவற்றின் தயாரிப்பில் புழங்கிய, எளிதில் சிதையாத பொருள்கள் இவை. அவற்றுள் ஒன்றான பிஎஃப்ஓஏ லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அப்போது கணக்கில் வரவில்லை. 2024இல் அதே முகமை அதற்கு விதித்த உச்சவரம்போ வெறும் 4 நானோகிராம். அப்படியானால் 15 நானோகிராம் கலந்த நீரைக் குடித்த ஊருக்கும் அன்று கிடைத்தது நற்சான்றிதழ்தான்.

இவ்வளவு நுண்ணிய அளவைத் தேடுவது எளிய வேலையல்ல. மாதிரி எடுப்பவர் நீர் ஒட்டாத மழைக்கோட்டு அணியக் கூடாது. டெஃப்லான் பட்ட மூடியும் ஆகாது. அவற்றிலிருந்தே இச்சேர்மங்கள் மாதிரியில் கலந்துவிடலாம். இச்சேர்மங்கள் இல்லாத நீரையும் குழாயடிக்குக் கொண்டுபோய், அங்கேயே வேறு புட்டிக்கு மாற்றி, அதையும் சோதிக்கிறார்கள். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ கலந்ததைப் பிரித்தறிய அது வேண்டும்.

தேடத் தெரியாதவர்களை மன்னிக்கலாம். தேடிக் கண்டபின் வாய்மூடி இருந்தவர்களை?

தன் ஆலையில் பிஎஃப்ஓஏவைப் பயன்படுத்திய டூபாண்ட் நிறுவனம் 1984இல் ஒஹாயோவின் லிட்டில் ஹாக்கிங், மேற்கு வர்ஜீனியாவின் லூபெக் பகுதிகளின் குழாய்நீரைத் தானே ரகசியமாகச் சோதித்தது. பிஎஃப்ஓஏ இருந்தது. குடித்துக்கொண்டிருந்த மக்களிடம் சொல்லவில்லை. அவர்கள் சார்பில் வழக்கறிஞர் ராபர்ட் பிலாட் தொடுத்த வழக்கு 2004இல் உடன்பாட்டுக்கு வந்த பிறகு, சுமார் 69,000 பேர் ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் இந்தச் சேர்மத்துக்கும் தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அந்த உடன்பாட்டின்படி அமைந்த அறிவியல் குழு 2012க்குள் முடிவு சொன்னது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகள். அறியாமை என்ற சொல்லுக்குள் இந்த மௌனத்தை ஒளித்துவைக்க எந்த அறநூலும் இடம் தராது.

உங்கள் ஊர்க் குடிநீர் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால், எதைத் தேடினார்கள், எந்த அளவுவரை தேடினார்கள் என்று கேளுங்கள்.