முதுகில் யாருமில்லாத குதிரைகள்

கார்த்திகை மாதம். விடிகாலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இரவெல்லாம் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. அண்ணன் மகன் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "போறமா அத்தை, இல்ல இன்னொரு நாள் பாத்துக்கலாமா?" என்று கேட்டான். வெயில் காலத்தில் மூன்று தடவை கோடியக்கரை போயிருக்கிறேன். அங்கே திரியும் மட்டக்குதிரைகளைத் தூரத்தில் புள்ளிகளாகப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மழையில் அவை என்ன செய்யும், எங்கே ஒதுங்கும் என்ற எண்ணம் வெகுநாளாகவே உண்டு. கிளம்பினோம்.

*

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் இரு பக்கமும் சம்பா வயல். பயிரின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஒருவர் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மண்வெட்டியால் வடிகாலை வெட்டிவிடுகிறார். கார் கடக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடித் துடைப்பான் போய்ப்போய் வருகிறது. நாங்கள் அதிகம் பேசவில்லை. மழையில் கார் ஓட்டுபவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பார் என் அப்பா.

*

வேதாரண்யம் கடந்து அகஸ்தியம்பள்ளி. மழைக்காலத்தில் உப்பு விளையாது. பாத்திகள், வரப்புகள் எல்லாம் ஒரே சாம்பல் நிற நீராகக் கிடக்கின்றன. வாரிக் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகக் குடிசைகள் நிற்பதுபோல இருக்கிறது.

1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியதற்காக ராஜாஜி கைதானார். அதன் நினைவுத்தூண் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. கடல் கொண்டுவந்து கொடுத்து, வெயில் காய்ச்சிய ஒன்றை ஓர் அரசு தனக்குச் சொந்தம் என்றது. சொந்தம் என்ற சொல் அன்று முழுக்க மனத்தில் நின்றதற்கு இந்த உப்பளமும் ஒரு காரணம்.

*

கோடியக்காட்டில் மழையின் சத்தம் மாறிவிட்டது. இலையில் விழுந்து, கிளையில் விழுந்து, பிறகுதான் தரைக்கு வருகிறது. பாலை மரங்கள் கறுத்து நிற்கின்றன. தண்ணீர் பஞ்சமான மண்ணில் வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கிற காடு இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. முறிந்த மரங்கள் பலவும் பக்கத்துளிர் விட்டு எழுந்திருக்கின்றன. கிளைகளின் கோணலைப் பார்த்தால் அந்த இரவின் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று இன்றும் சொல்லிவிடலாம்.

காட்டுவாசலில் வாட்சர் குடையை ஒரு கையில் சாய்த்துப் பிடித்தபடி வந்தார்.

"வண்டி உள்ள போவாதும்மா, சேறு. நடக்கிறதா இருந்தா கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறேன்."

செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு நடந்தோம்.

*

ஏழு. ஒரு குட்டி. நாலு செம்பழுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்றின் விலாவில் வெள்ளைத் திட்டு. குட்டியின் நிறம் நனைந்து தெரியவில்லை.

மரத்தடிக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெட்டவெளிப் புல்தரையில், குளம்பு மூழ்கும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. வடகிழக்கிலிருந்து சாய்ந்து வருகிற மழைக்குப் பின்புறத்தைக் கொடுத்து, வாலை இறுக்கி ஒடுக்கி, தலையைத் தொங்கவிட்டு நின்றன. பிடரி மயிர் கழுத்தோடு ஒட்டியிருந்தது. முதுகில் விழுந்த தண்ணீர் இரு விலாவிலும் மயிர் படிந்த வாக்கிலேயே ஓடி, வயிற்றின் அடியிலிருந்து சொட்டியது. குட்டி தாயின் மறைவில், காற்றுப் படாத பக்கத்தில் நின்றது. ஒரு குதிரை பின்னங்காலில் ஒன்றை லேசாக மடக்கி, குளம்பின் நுனியைத் தண்ணீரில் ஊன்றி, மற்ற மூன்று காலில் தூங்கியது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. இடையில் காற்று திசை மாறியது. மழை இப்போது வேறு பக்கமிருந்து வந்தது. கறுப்புக் குதிரை முதலில் நகர்ந்தது. இரண்டு மூன்று அடி வைத்து உடம்பைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பின. மறுபடி அசையாமல் நின்றன.

*

அவை திரும்பி நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஜட்கா வண்டிக் குதிரை நினைவுக்கு வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர் ரயில் நிலைய வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். மழை வந்தால் வண்டிக்காரர்கள் தாழ்வாரத்துக்கு ஓடிவிடுவார்கள். குதிரை, வண்டியின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே, கண்பட்டையோடு, அவர்கள் நிறுத்திய திசையிலேயே நிற்கும். முகத்தில் மழை அறைந்தாலும் அதனால் திரும்ப முடியாது. ஒருநாள் அப்பாவிடம், "ஏம்ப்பா அது கண்ண மூடிக்கிட்டே நிக்குது?" என்று கேட்டேன். "மழைல நனையுதும்மா" என்றார். அது பதில் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சேணம் அழுத்திய குதிரைகளின் முதுகில், தோல் உராய்ந்த இடத்தில், வெள்ளை மயிர் முளைத்திருக்கும். இந்த ஏழின் முதுகிலும் அப்படி ஒரு தழும்பும் இல்லை.

*

ஊர்க்காரர்கள் இவற்றைக் காட்டுக் குதிரை என்கிறார்கள். பிறப்பால் இவை காட்டு விலங்கு அல்ல. எப்போதோ மனிதர் வளர்த்து, வேண்டாமென்று விட்டவற்றின் வழிவந்தவை. தமிழ்க் கரைக்குக் குதிரை கடல் வழியே வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டிய நாட்டில் குதிரைகளைப் பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று மார்க்கோ போலோ எழுதினார். விலை கொடுத்து வாங்கி, ஆள் வைத்துப் பார்த்தும் தங்காத உயிர், இங்கே உப்பு மண்ணிலும் அடைமழையிலும் யார் கையும் படாமல் குட்டி போட்டுப் பெருகியிருக்கிறது. இதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1967-இல் கோடியக்கரைச் சரணாலயம் வெளிமான்களுக்காக அமைந்தது. குதிரையும் மானும் ஒரே புல்வெளியில் ஒரே புல்லுக்குப் போட்டியிடுகின்றன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு, தரையை ஒட்டக் கத்தரித்துவிடும். அசைபோடாத பிராணி, அதனால் நாளின் பெரும்பகுதி மேய்ந்தாக வேண்டும். சீமைக்கருவேலங்காயின் இனிப்பு அதற்குப் பிடிக்கும். தின்ற விதை லத்தியில் முழுதாக வெளியே வந்து, போன இடமெல்லாம் முளைக்கும். முள் பரவப் பரவப் புல் குறைகிறது. புல் குறைந்தால் மானுக்கும் இல்லை, குதிரைக்கும் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் வெளிமான் இருக்கிறது. குதிரைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வீட்டுக்கும் இல்லை, காட்டுக்கும் இல்லை.

நான் மான்களின் பக்கம். இங்குள்ள மான்களுக்கு இதை விட்டால் போக வேறு வெளி இல்லை. குதிரைகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது தேவையென்றால் அதைச் செய்யட்டும், ஆனால் வலியில்லாமல், பொறுமையாக. அவிழ்த்துவிட்டவர்கள் நாம். அதற்கும் முன்னால் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். அதைக் கொண்டுவந்ததும் மனிதர்கள்தான், குதிரைகள் அல்ல.

*

திரும்பி நடக்கும்போது வாட்சர் தானாகவே கஜாவைப் பற்றிப் பேசினார்.

"மரம் பூரா சாஞ்சு கெடந்துச்சும்மா. உள்ள போவ வழியில்ல. மானு, குதிர, எல்லாம் கடல் அடிச்சுட்டுப் போயி கரையில ஒதுங்கிச்சு. அப்பறம் ஒருநா காலைல பாத்தா, அந்தா அந்தத் திட்டுல மூணு நிக்குது. எப்புடிப் பொழச்சுதோ."

அவர் கை காட்டிய திட்டு, சுற்றியிருந்த தரையைவிட ஒரு முழம்கூட உயரமில்லை.

*

காரில் ஏறும்போது அண்ணன் மகன் பையிலிருந்து பன் பொட்டலத்தை எடுத்தான். குதிரைக்குக் கொடுக்கலாமென்று வேதாரண்யத்தில் வாங்கினானாம். வாட்சர் தலையசைத்து மறுத்தார். "பழக்கிப்புட்டா ரோட்டுக்கு வந்துரும் தம்பி. வண்டில அடிபடும்." அந்தப் பன்னை நாங்கள் மூவரும் மழை பார்த்துக்கொண்டே தின்றோம்.

கோடியக்கரைக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தூரத்திலேயே நின்று பாருங்கள். கையில் தின்பண்டம் எதுவும் கொண்டுபோகாதீர்கள்.