மறுத்தல் என்னும் உரிமை

அடிமைத்தனத்தின் எதிர்ச்சொல் விடுதலை என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும், விடுதலை பெற்ற ஒருத்தி முன்பு செய்த அதே வேலையையே பின்னும் செய்வாளாயின், அவளிடம் மாறியது யாது? அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படுவதற்கு முன்பே, வட மாநிலங்களில் அடிமையல்லாத கறுப்பினப் பெண்கள் பலர் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பலருக்குக் கிட்டிய பிழைப்பு, வெள்ளையர் வீடுகளில் சமைப்பதும் துணி வெளுப்பதுமே.

எலிசபெத் ஃப்ரீமன் என்பார், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷெஃபீல்டு ஊரில், ஆஷ்லி குடும்பத்தில் 'பெட்' என்னும் பெயருடன் அடிமையாய் இருந்தவர். வீட்டுத் தலைவி கனல் அள்ளும் இரும்புக் கரண்டியால் வேறொருத்தியை அடிக்க ஓங்கியபோது, தம் கையைக் குறுக்கே நீட்டி அவ்வடியைத் தாங்கினார் என்பர். அத்தழும்பை அவர் மறைத்ததில்லை. மாந்தர் யாவரும் பிறப்பால் சமம் என்று அம்மாநிலம் 1780இல் இயற்றிய அரசியல் சட்டத்தையே சான்றாக்கி வழக்காடி, 1781இல் வென்றார். தோற்ற ஆஷ்லி, கூலி தருவதாகக் கூறித் திரும்ப அழைத்தார். அவர் மறுத்துவிட்டு, தமக்காக வாதாடிய செட்ஜ்விக் என்னும் வழக்கறிஞரின் இல்லத்தில் ஊதியத்திற்குப் பணிபுரியச் சென்றார்.

அங்கும் அடுப்புத்தான், அங்கும் பிறர் பிள்ளைகள்தாம். எனினும், எவர் வீட்டு அடுப்பு என்பதை முடிவு செய்தவர் அவரே. சேர்த்த ஊதியத்தில் பின்னாளில் சொந்த வீடும் வாங்கினார். 1829இல் அவர் மறைந்தபோது, செட்ஜ்விக் குடும்பத்தார் தங்கள் கல்லறை நிலத்திலேயே அடக்கம் செய்தனர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அக்குடும்பத்தார் எழுதியவை. பணிப்பெண்ணின் பெருமையை வீட்டார் எழுதுங்கால் விசுவாசமே முன்னிற்கும். ஆஷ்லியிடம் அவர் உரைத்த மறுப்பே நமக்கு முதன்மையானது.

அம்மறுப்புக்கும் ஒரு துணை இருந்தது: புகுவதற்கு இன்னொரு வாயில் திறந்திருந்தது. அவ்வாயில் இல்லாதாளுக்குச் சட்டம் தரும் விடுதலை எவ்வளவு பயன்படும்?

ஹேரியட் வில்சன் 1825இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மில்ஃபோர்டில், பிறப்பிலேயே அடிமையல்லாதவராய்ப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரின் ஆதரவிழந்து, அக்கால வழக்கப்படி ஒரு வெள்ளையர் பண்ணை வீட்டில் வேலைக்கு விடப்பட்டார். உணவும் உறைவிடமும் உண்டு, ஊதியமில்லை. அவரை எவரும் விற்க இயலாது. அவராலும் வெளியேற இயலாது. அடிமை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தோர் வாழ்ந்த ஊர்தான் அது!

தம் வாழ்வையே கதையாக்கி 1859இல் பாஸ்டனில் அவர் வெளியிட்ட நாவலில் ஒரு காட்சி வருகிறது. விறகு கொணரத் தாமதமானதற்காக வீட்டுத் தலைவி அடிக்கக் கை ஓங்குகிறாள். அடித்தால் இனி ஒரு வேலையும் செய்வதில்லை என்று பணிப்பெண் உரத்துக் கூறுகிறாள். ஓங்கிய கை தாழ்ந்துவிடுகிறது. தன் உழைப்பின்றி அவ்வீடு இயங்காது என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள். ஆயினும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். வெளியேறியபோது உடல் நலிந்திருந்தது.

தம் மகனைக் காக்கப் பொருள் வேண்டியே வில்சன் அந்நூலை எழுதினார். சில மாதங்களில், 1860இல், அச்சிறுவன் இறந்தான். நூலும் மறக்கப்பட்டு, 1983இல்தான் மறுபதிப்புக் கண்டது. அதனை எழுதியவர் கறுப்பினப் பெண்ணே என்று நிறுவுவதற்கு ஆய்வாளருக்கு உதவிய ஆவணங்களுள் ஒன்று, அம்மகனின் இறப்புச் சான்றிதழ்.