ஆற்றோரத்திலும் அளவு உண்டு

தச்சநல்லூர்வாசிகளான நமக்குத் தாமிரபரணி கூப்பிடு தூரம். ஆறு இருக்க நீருக்கா பஞ்சம் என்ற எண்ணம் வீட்டுக் குழாயடிவரை வந்துவிட்டது.

ஒளூச் செய்ய உட்கார்ந்து குழாயைத் திறந்தால், கால் கழுவி எழும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் கீழே வாளியை வைத்துப் பார்த்தோம், வெட்கமாகப் போய்விட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் ஒளூவும், நான்கைந்து முத்து நீரில் குளிப்பும் முடித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது முக்கால் லிட்டருக்குள்தான்!

ஓடும் ஆற்றருகிலும் விரயம் உண்டு என ஸஅத் (ரலி) அவர்களிடம் கூறப்பட்டதாக வரும் இப்னுமாஜா அறிவிப்பின் தொடர் பலவீனமானது. ஆயினும், கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பதில் உலமாக்கள் ஒருமித்துள்ளனர் என்கிறார்கள் இமாம் நவவி (ரஹ்). நாம் அள்ளிக் கடல் குறையாதே, பின் ஏன்? கடலில் வாரியிறைத்த கை வீட்டிலும் அப்படியே இறைக்கும் என்பதே நமக்குத் தோன்றும் காரணம்.

ஆறோ கடலன்று. இங்கே நாம் கலக்கும் சோப்பும் சாக்கடையும் கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை நோக்கிப் போகின்றன. தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் இந்த ஆற்று நீரே. மக்கள் நீரெடுக்கும் துறையில் மலஜலம் கழிப்பதைத் தடுத்த மார்க்கம், நம் சாக்கடைக்கு மட்டும் விலக்கு அளிக்குமா?

அரிசி கழுவிய நீரை முருங்கைக்கு ஊற்றும் நம் பெண்கள் இதில் எப்போதோ முந்திக்கொண்டார்கள். பள்ளியின் ஒளூ நீரையும் தென்னைக்குத் திருப்பலாமே, நிர்வாகிகள் கவனிக்கட்டும்.