மூளையுங் குணமும்

ஒருவன் சினமுடையவனாதலும் பொறையுடையவனாதலும் எதனால்? அவனுடைய ஆன்மாவின் இயல்பினாலா, முன்செய்த வினையினாலா, அன்றி மண்டையோட்டினுள்ளே கிடக்கும் ஏறக்குறைய 1.4 கிலோகிராம் நிறையுள்ள மூளையினாலா? இது கற்றோர் பொழுதுபோக்கிற்காகத் தொடுக்கும் வினாவன்று. போரினால் நலிந்த எமது வன்னி நாட்டிலே, வீடுதோறும் வகுப்புத்தோறும் விடை வேண்டி நிற்கும் வினாவாகும். இதற்குப் பிழையான விடை கொண்டு யான் செய்த தவறொன்றை முதற்கண் கூறி, அதன்மேற் பொருளை ஆராயப் புகுகின்றேன்.

2012 ஆம் ஆண்டிலே எனது வகுப்பிற் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கற்றான். முள்ளியவளைக்கு அயலூரினன். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், சனங்கள் கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாட்களிலே, எறிகணைச் சிதறலொன்று அவனுடைய நெற்றியைத் துளைத்தது. உயிர் தப்பினான், காயமும் ஆறிற்று, ஒரு தழும்பு மாத்திரம் எஞ்சியது. பேச்சிலே குறையில்லை, நடையிலே குறையில்லை, கணக்கும் நன்றாகச் செய்வான். ஆயினும், சிறு சொல்லுக்கும் பெருஞ்சினங் கொள்வான். தொடங்கிய வேலையை முடியான். சிரிக்கத் தகாத இடத்திலே சிரிப்பான். “முந்தி இவன் இப்படியில்லை, வாத்தியார்” என்று தாயார் சொல்லி அழுதார். பெற்றோர் யாவருந் தம் பிள்ளைக்காகச் சொல்லும் பரிவுரையென்று அதனை யான் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் அவன் வகுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கியெறிந்து உடைத்தான். யான் பிரம்பெடுத்தேன். உடற்றண்டனை ஆகாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 ஆம் ஆண்டிலேயே வந்திருந்தும், பிள்ளையைத் திருத்துவது பிரம்பே என்னும் பழைய எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. அடிபட்டவன் அழவில்லை. குடத்தை எறிந்த தன் கையை, வேறொருவனுடைய கையைப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

கிறித்தவப் பாடசாலையிற் பயின்ற காலத்திலே, மூளையின் படத்தை வரைந்து, பகுதிகளுக்குப் பெயரெழுதி, நிறைந்த புள்ளி பெற்றவன் யான். பெயரெழுதக் கற்றேனேயன்றி, அப்பகுதி பழுதுற்ற பிள்ளையொருவன் என் முன்னே வந்து நின்றபோது அவனை அறிந்திலேன். கல்வியென்று யாம் சொல்லிக்கொள்வதன் வறுமையை அன்றுதான் உணர்ந்தேன்.

இத்தகைய நிகழ்ச்சி மருத்துவ உலகிற்குப் புதியதன்று. 1848 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆந் திகதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலே புகையிரதப் பாதைக்குப் பாறை பிளக்குங் கூலியாட்களின் தலைவனாயிருந்த பினியாஸ் கேஜ் என்பவன், வெடிமருந்தை இடித்து இறுக்குங்கால் அது தீப்பற்றி வெடித்தது. 3½ அடிக்கு மேற்பட்ட நீளமும் 13 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுமுள்ள இரும்புக் கோல் அவனுடைய இடக் கன்னத்திற் புகுந்து, மூளையின் முன்பகுதியை ஊடுருவி, உச்சந்தலையால் வெளியேறிற்று. அவன் பிழைத்தான், பேசினான், நடந்தான். ஆனால், முன்னே நிதானமும் திறமையும் உடையவனென்று மதிக்கப்பட்டவன், பின்னே பொறுமையற்றவனாயும் தகாத சொற் பேசுபவனாயும் எண்ணியதை முடிக்கமாட்டாதவனாயும் மாறினான் என்று, அவனுக்கு மருத்துவஞ் செய்த ஹார்லோ 1868 இல் எழுதிவைத்தார். நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளைப்பகுதி, எழுகின்ற வேகத்தை அடக்குதற்கும் பின்வருவதை எண்ணி நடத்தற்கும் இன்றியமையாததென்பது இன்று நன்கறியப்பட்ட உண்மை.

காயம் மாத்திரமன்று. தைரொயிட்டுச் சுரப்பி குறைவாகச் சுரப்பின் சுறுசுறுப்புள்ளவனும் மந்தனாகின்றான். கருவிலே அயடீன் போதாத பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குன்றுகின்றது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை பாடத்திற் கவனங்கொள்ள மாட்டாது. அதனை யாம் சோம்பேறி என்கின்றோம். பாக்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளுட் சில, அதுவரை சூதறியாத முதியோர் சிலரைச் சூதாட்டத்திலே தள்ளியதும், மருந்தைக் குறைத்தபோது அவ்வேட்கை தணிந்ததும் மருத்துவர் கண்டவையே. நெற்றிப்புற மூளை முற்றும் முதிர்தற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது செல்லும் என்பர். பதினான்கு வயதினனிடத்தே ஐம்பது வயதினனுடைய அடக்கத்தை எதிர்பார்ப்பது பூவிலே காயைத் தேடுவது போலாம்.

இவற்றைக் கேட்டுச் சைவ மக்கள் அஞ்சவேண்டியதில்லை. அயல்நாட்டுக் கொள்கையென்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. கேஜ் காயமுற்றதற்கு முந்திய ஆண்டாகிய 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்று நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழில் நூலுக்குச் சுகரணவாதம் என்றும் பெயர் வழங்கிற்று. அப்பெயரினுள்ளே ‘கரணம்’ என்னுஞ் சொல் அமைந்திருத்தல் காண்க. உடல் கரணம், அஃதாவது கருவி, என்பது எமது சித்தாந்தத்தின் கொள்கையுமாம்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்திலே, மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல என்றும், ஆயினும் ஆன்மா அவற்றோடு கூடியே அறியும் என்றும் நிறுவி, அமைச்சரோடு கூடி நிற்கும் அரசனை உவமை காட்டினார். மூளையே அந்தக்கரணம் என்று சொல்ல யான் துணிகிலேன். மூளை தூலதேகத்தின் உறுப்பு, அந்தக்கரணமோ சூக்குமதேகத்தின் கூறு. எனினும் உவமை ஈண்டும் பொருந்தும். அமைச்சன் நோயுற்றால் அரசன் ஆணை நாட்டிலே பிறழும். பிறழ்ந்த ஆணையைக் கண்டு அரசனே கொடியன் என்பது ஒரு பிழை. அரசனே இல்லை என்பது மற்றொரு பிழை.

இவ்விரண்டாம் பிழையை உடையோர் “மூளையே மனிதன், வேறு யாதுமில்லை” என்பர். கருவி பழுதுற்றபோது தொழில் பழுதுறுதல், கருவியையன்றித் தொழிலாளி இல்லையென்பதற்குச் சான்றாகாது. அவன் உளனென்பதற்கும் அது தனியே சான்றாகாது. ஆகவே மருத்துவர் கண்டவற்றை எமது வெற்றியென்று முழக்குதலும் வேண்டா. தோல்வியென்று மறைத்தலும் வேண்டா.

எம்மவருள்ளே வழங்கும் பிழையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. “அவன் வினை, அனுபவிக்கட்டும்” என்று சொல்லி அகலுதலே அது. அவனுக்கு வந்தது வினைப்பயன் என்றே கொள்வோம். அதனைக் கண்ட எமக்கு முன்னே நிற்பது எமது வினையன்றோ? தாகத்தாற் றவிப்பவனைக் கண்டு வினை பேசி நிற்பவன், அவனுடைய பழவினையை அறிந்தவனல்லன். தனக்குப் புதுவினை ஈட்டுபவன். யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்களின் உள்ளத்திற் செய்த வடுவைக் குறித்து 1998 இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் 2004 இற் கடல் பொங்கி முல்லைத்தீவை அழித்தது. 2009 இல் இறுதிப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கோயிற் றிருவிழாவிலே வெடி கேட்டவுடன் நிலத்திற் குனியும் பெரியோரை யாம் இன்றும் காண்கின்றோம். அவர்கள் கோழைகளல்லர். பேராபத்தைக் கண்ட மூளை, ஆபத்து நீங்கிய பின்னும் காவல் நீங்காதிருக்கின்றது, அவ்வளவே.

அற்றேல், குற்றஞ் செய்வார் யாவரும் மூளையைக் காட்டித் தப்பலாம். பொறுப்பென்பது ஒருவர்க்கும் இல்லையாம் எனின், இதுவே கடினமான இடம். இதனை என்னிடத்தே வைத்து ஆராய்கின்றேன். குடத்தை உடைத்த பிள்ளைக்கு நெற்றியிற் காயம் என்று சொல்லிப் பழியை நீக்குகின்றோம். அவனை அடித்த ஆசிரியனுக்கோ? அதற்கு முந்திய சில இரவுகள் யான் செவ்வையாக உறங்கியதில்லை. போரிலே யானும் வீடிழந்தேன், உறவிழந்தேன். உறக்கமின்மை அடக்கும் ஆற்றலைத் தளர்த்தும் என்று நூல்கள் கூறும். ஆதலால் யானுங் குற்றமற்றவனோ? இவ்வாறு என் மனம் எனக்காக வழக்குரைத்தபோது எனக்கு ஓர் இனிமை உண்டாயிற்று. அவ்வினிமையே எனக்கு ஐயத்தைத் தந்தது. பிள்ளையின் காரணத்தை அறியுமுன் பிரம்பெடுத்தவன், தன் காரணத்தை மாத்திரம் எத்துணை விரைவாகத் தேடிக் கண்டான்!

காரணம் அறிதல் வேறு. குற்றத்தினின்று நீங்குதல் வேறு. ஒருவனுக்குக் கருவி எத்துணைச் செம்மையாயுள்ளதோ அத்துணைப் பொறுப்பும் உண்டு. சினம் எழுவதை அறிந்து, நின்று, எண்ணி, விலகக்கூடியவன் யான். என் கருவி தளர்ந்திருந்ததேயன்றி உடைந்திருக்கவில்லை. ஆதலால் அன்றைப் பழியின் பெரும்பங்கு என்னுடையது.

சில நாட் கழித்து அவனைத் தனியே அழைத்து, அடித்தது என் பிழை என்று சொன்னேன். “தம்பி, தலையிலுள்ள காயமே அப்படிச் செய்வித்தது, நீ குற்றவாளியல்லை” என்றுங் கூறினேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, “காயம் இருக்குதுதான், வாத்தியார். ஆனால் குடத்தை உடைச்சது நான். நானில்லை எண்டால், பிறகு நான் ஆர்?” என்றான். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தான். அவனைக் குற்றவாளியென்று அடித்தேன்; அது கொடுமை. பின்னே, அவன் ஒன்றுஞ் செய்யவில்லை என்றேன். அதனால் அவனை ஆளேயல்லாதவன் ஆக்கப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையேயுள்ள வழியை அந்தப் பிள்ளையே எனக்குக் காட்டினான்.

அவ்வழி யாதெனின், பழியைக் குறைத்துத் துணையை மிகுத்தலாம். தாயார் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வகுப்பிலே வாசலருகே அவனுக்கு இடங்கொடுத்தோம். சினம் எழுந்தால் உத்தரவு கேளாமலே வெளியே சென்று, மரநிழலில் நின்று, தணிந்தபின் மீளலாம் என்று விதித்தோம். ஒருமுறைக்கு ஒரு வேலை மாத்திரம் கொடுத்தோம். சினம் அவனை விட்டு முற்றாக நீங்கிற்றென்று சொல்லேன், அது பொய்யாகும். வெளியே போய் மீளும் பழக்கம் வலுத்தது. இன்று அவன் தச்சுத்தொழில் செய்து தாயாரைக் காப்பாற்றுகின்றான்.

பினியாஸ் கேஜின் கதைக்கும் இத்தகைய பிற்பகுதி ஒன்றுண்டு. அதனைப் பலர் சொல்வதில்லை. அவன் பின்னே சிலி நாட்டுக்குச் சென்று, சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்து, 1860 இல் இறந்தான். நாடோறும் ஒரே ஒழுங்கிலே குதிரைகளைப் பேணிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் அவ்வேலையே அவன் இழந்த அடக்கத்தை ஓரளவு மீட்டுக் கொடுத்தது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மூளை நடையை ஆக்குவது போல, நடையும் மூளையை ஆக்கும். லண்டன் நகரத் தெருக்களை மனனஞ் செய்த வாடகைக் கார் ஓட்டுநரிடத்தே, இடங்களை நினைவில் வைக்கும் மூளைப்பகுதியின் பின்புறம் பெருத்திருந்ததை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. வைகறையில் எழுதல், நீராடல், ஒரு நேரத்தில் ஒன்றை இருந்து ஓதல் என்னும் எமது நியமங்களையும் இவ்வறிவோடு சேர்த்து எண்ணுக. அவை வெறுஞ் சடங்குகளல்ல. கருவியைச் செம்மை செய்யும் பயிற்சிகளுமாம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளையொன்று தகாதது செய்யக் கண்டால், “இவன் ஏன் கெட்டவன்?” என்று கேளாமல், “இவனுக்கு என்ன நேர்ந்தது? உண்டானா? உறங்கினானா? தலையில் அடிபட்டதுண்டா?” என்று முதலிற் கேளுங்கள். தாய் சொல்வதைத் தள்ளாதேயுங்கள். உங்கள் கை ஓங்கும்பொழுது இவ்வினாக்களை உங்களுக்கு மறுமொழியாகக் கொள்ளாதேயுங்கள். காரணத்தைப் பிறர்க்காகத் தேடுக; பொறுப்பைத் தமக்காக வைத்துக்கொள்க. கருவியைத் தந்தருளிய இறைவன், அது பழுதுற்ற பிள்ளையை எம்மிடம் அனுப்புவது, தீர்ப்புச் சொல்லுதற்கன்று, துணையாய் நிற்றற்கே என்பது இவ்வெளியேன் பிந்தியறிந்த உண்மை.