பொறுப்பாளரின் எல்லை

தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒருவருக்காக மற்றொருவர் அதனைக் காத்து நிற்கும்போது, அவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? எல்லாம் உண்டென்றால் காவலே கவர்தலாகிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் காக்கவே இயலாது. காக்கப்படும் பொருள் ஒரு நாட்டின் மணிமுடியாயின் இவ்வினா எத்துணைக் கூர்மை பெறும் என்பதை இங்கிலாந்தின் வரலாற்றில் நாம் காண்கிறோம்.

1216-இல் ஜான் மன்னர் இறந்தபோது அவர் மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது 9. உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. லண்டன் மாநகரோ பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில் இருந்தது. முதியவர் வில்லியம் மார்ஷல் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் மகா சாசனத்தைத் திருத்தி, சிறுவனின் பெயரால் மீண்டும் வெளியிட்டார். பிறருடைய உரிமையை விட்டுக்கொடுக்க இவருக்கு உரிமை ஏது? முடியே பறிபோகும் வேளையில் ஒரு பகுதியை விட்டு முழுமையைக் காத்தார் என்பதே விடை.

ஆனால் அவ்விடை எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. போர் ஓய்ந்தபின் 1218-இல் மன்னருக்கென முத்திரை செய்யப்பட்டபோது, அவர் உரிய வயதை எய்தும்வரை நிரந்தரக் கொடை எதுவும் அதனால் வழங்கப்படலாகாது என விதித்தனர். சாசனத்தையும் 1225-இல், 17 வயது ஹென்றி தம் சொந்த விருப்பத்தால் அளிப்பதாகக் கூறி மீண்டும் வழங்கினார்.

பொறுப்பாளர் செய்வது, உரியவர் வந்து மாற்றிக்கொள்ளத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதே இதில் அடங்கிய அறம். 1483-இல் 12 வயது ஐந்தாம் எட்வர்டின் காவலராயிருந்த சிற்றப்பர் ரிச்சர்ட் தாமே முடி சூடிக்கொண்டார். லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த சிறுவனும் அவன் தம்பியும் பின்னர் காணப்படவேயில்லை. திருப்பித் தருவதற்கு உரியவரே இல்லாமற் போயினர்.

1811-இல் மூன்றாம் ஜார்ஜ் மனநோயுற்றிருந்தபோது பிரதிநிதியான அவருடைய மூத்த மகன், ஓராண்டுக் காலம் புதிய பிரபுப் பட்டங்களை வழங்குவதைச் சட்டம் கட்டுப்படுத்தியது. மன்னர் நலம்பெற்று மீளக்கூடும் என்ற நம்பிக்கைக்குச் செய்த மரியாதை அது. மன்னர் மீளவேயில்லை; 1820-இல் மறைந்தார். அதனால் அந்த ஓராண்டுக் காத்திருப்பு வீணாயிற்று என்று நாம் கருத வேண்டியதில்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டமும், அரியணை வாரிசு வரிசையை மாற்றும் மசோதாவுக்குப் பிரதிநிதி ஒப்புதல் அளிப்பதைத் தடுக்கிறது.

வருவாரோ வரமாட்டாரோ என்பது நம் கையில் இல்லை. வந்தால் அவர் அமர இருக்கை காலியாக இருக்கிறதா என்பதே நாம் பதில் சொல்லவேண்டிய கேள்வி.