தாயின் வயது என்ற கட்டம்

ரமணாசிரமத்தின் நடுவில் இருப்பது ஒரு தாயின் சமாதி. 1922இல் அழகம்மாள் மறைந்த பிறகு, மலையிலிருந்து இறங்கி வந்து அந்தச் சமாதியருகே ரமணர் தங்கிவிட்டதால்தான் செங்கம் சாலையில் இந்த ஆசிரமமே உருவானது. சமாதியின் மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. தாயைக் கும்பிடுவதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. காய்ச்சலில் துவண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தே?" என்று அவளிடம் கேட்கிறோம். அப்பனிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எதிரில் உட்கார்ந்து கேட்பவரும் பெரும்பாலும் இளம்பெண்தான். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டுப் படிப்பு. வார்டு, இரவுப் பணி, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஆய்வேடும் எழுதியாக வேண்டும். ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். தாயின் வயது, தாயின் படிப்பு, எத்தனையாவது பிரசவம், எத்தனை மாதம் பால் கொடுத்தாள் என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். வாரக் கூலியில் டாஸ்மாக்குக்குப் போவது எவ்வளவு, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்பதற்குக் கட்டம் இருப்பது அபூர்வம். கடைசியில் தாயின் கல்வியின்மை ஒரு காரணியாக வந்து நிற்கும். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் எதை அளப்பது என்று முடிவு செய்த அன்றே, யாரைக் குறை சொல்லப்போகிறோம் என்பதும் பாதி முடிவாகிவிட்டது.

"முதல்ல படிப்பை முடி, சமூகசேவை அப்புறம்" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தை தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, வீட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த வீட்டைப் பற்றிக் கேட்பதும், கேட்டதை வெளியே பேசுவதும் நோயறிதலின் மிச்சப் பாதி.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே நடந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1925இல் மேற்பயிற்சிக்காக லண்டன் போனார். 1927இல் சென்னை சட்டமன்ற உறுப்பினராகி, தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். முழுத் தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அவர் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆனாலும் அந்த மரபின் பெண்கள் பலர், பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட, எங்களைக் கேட்காமல் எங்களுக்காகப் பேசுகிறார்கள் என்று எதிர்த்தார்கள். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்பின் பக்கம் நின்றார். சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதிர்த்தவர்களின் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

"நான் யார்?" என்று விசாரிக்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் இந்தப் பகுதிக்கு வருகிறார்கள். மருத்துவருக்கு அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது: இவளுக்காகப் பேச நான் யார்?

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒன்றரைக் கிலோ குழந்தை. தாயின் வயது என்ற கட்டத்தில் வீட்டார் 19 என்று சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள். பார்த்தால் தெரிகிறது, பதினாறைத் தாண்டியிருக்காது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மனைவி என்ற விலக்கும் 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது. சிறுமியின் பெயரைச் சொல்லாமல் விடலாம் என்று 2022இல் அதே நீதிமன்றம் தந்த சலுகை கருக்கலைப்புக்கு மட்டும்தான், பிரசவத்துக்கு இல்லை. வெளியே நிற்கும் அவள் அம்மா கேட்கிறாள்: "அந்தப் பையனை உள்ள வச்சிட்டா, இவளுக்கும் புள்ளைக்கும் யாரு சோறு போடுவாங்க டாக்டரம்மா?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை என்பதற்காகச் சட்டத்தை மறந்துவிட முடியாது. மறைத்தால் அடுத்த வருடம் இவள் தங்கையும் இதே கட்டிலுக்கு வருவாள். ஆனால் தெரிவிப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மாமியாரையும் அம்மாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்வது: நான் இதை போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவள், அதற்குப் பிறகு இன்னின்னது நடக்கும், நீ எங்கே இருக்க விரும்புகிறாய், மறுபடியும் படிக்கவேண்டுமா, யாரைக் கண்டு பயம்? அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதி, குழந்தைகள் நலக் குழுவின் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவுப் பணியில், வார்டு நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, இதற்கெல்லாம் அரைமணி நேரம் எங்கே போவது என்று அந்தப் பயிற்சி மருத்துவர் கேட்பார். நியாயம்தான். அந்த அரைமணியையும், கதவு சாத்திப் பேச ஓர் அறையையும் நிர்வாகத்திடம் கேட்பதிலிருந்தே அவர் தொடங்கலாம்.